டீச்சரின் காரும் இரண்டு குழிகளும்

மார்ச் 3, திங்கள்

காலையில் இரண்டு பல் பிடுங்கினேன், ஒரு வேர் சிகிச்சை. மதியம் சாப்பிடக் கை கழுவும்போது கொழுந்தனிடமிருந்து போன்.

"அண்ணி, மறுபடியும் ஊத்திக்கிச்சு."

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. டீச்சரின் கார் மேட்டுச் சாலையில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டதாம். காருக்கு வயது ஐம்பத்தெட்டு. டீச்சருக்கு எழுபத்தொன்று. கொழுந்தனுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், இன்னும் அவனைப் பெஞ்சில் நிற்கவைத்தே பேசுவார். இழுவை வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பட்டறை வாசலில் ராணி மாதிரி வந்து இறங்கினாராம்.

"உசரத்துல உக்காந்து வர்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கார்ல போகணும்னுதானே உங்கிட்ட விட்டேன்? ரெண்டாவது தடவையும் பெயில்!"

டீச்சர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுப் போனில் அவன் சிரித்தான். சிரிப்பு சரியில்லை.

மார்ச் 5, புதன்

லாரி கம்பெனிப் பட்டறையில் பதினாலு வருட நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டுப் பழைய கார்களுக்கென்று சொந்தப் பட்டறை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. டீச்சரின் கார்தான் முழுதாகப் பிரித்துச் சேர்த்த முதல் கார். இது ஓடினால் நாலு பேர் நம்பி வருவார்கள். ஓடாவிட்டால்? அதை எழுதக் கை வரவில்லை.

பழுது ஒன்றேதான். இன்ஜினின் உடம்புக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதுதான் கேஸ்கெட். நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இந்த வீட்டில் எனக்கும் அதே வேலைதான். அது எரிந்துபோகிறது. புதிதாகப் போட்டால் அதுவும் எரிகிறது.

ஏன்? அவனுக்கும் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரேடியேட்டரில் அடைப்பாம். சூடு ஏறியதற்கு அதுதான் காரணம் என்கிறான். ரேடியேட்டர் மாற்றியாயிற்று, தண்ணீர் பம்ப் மாற்றியாயிற்று. ஹெட்டைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, அடிப்பக்கத்தைச் சீவிச் சமமாக்கி வாங்கியாயிற்று. முகம் தெளிந்திருக்கிறது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

டீச்சர் ஏப்ரல் 12-க்குள் காரைக் கேட்டிருக்கிறார். அன்று அவர் தங்கைக்கு எழுபது முடிகிறது. இரண்டு பேரும் அந்தக் காரில் கடல் பார்க்கப் போக வேண்டும், டீச்சர்தான் ஓட்ட வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்றாவது தடவையும் போய்விட்டது. பட்டறையிலிருந்து கிளம்பி ஒன்பது கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

மார்ச் 17, திங்கள்

சாப்பாட்டு மேஜையில் சண்டை. என்னவருக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, நாள் முழுக்க விபத்துக் காகிதங்களைப் படித்துப் படித்துக் குளிக்கும் வாளியில்கூட ஆபத்தைப் பார்ப்பார். தம்பியை வேலைக்குத் திரும்ப வரச்சொல்லி அவன் பழைய மேனேஜர் கடிதம் போட்டிருக்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். இவர் அதைத் தட்டின் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார்.

"கையில இருந்த கிளிய விட்டுட்டு மரத்துல இருக்குறதுக்கு ஆசப்பட்டா இதுதான். கௌரவமா போய் சேர்ந்துடு."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். "டீச்சர்கிட்ட சொல்லிடறேன்ணே. வேற யார்கிட்டயாவது காட்டச் சொல்லிடறேன்."

எனக்கு வந்ததே கோபம்! ஏங்க, உங்க தம்பிதானே? அவன் வேலை தெரியாதவனா? லாரி லாரியா ஓடவச்சவன் இல்லையா? எல்லாத்தையும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியும் விட்டேன். இவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மார்ச் 19, புதன்

இவர் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 21, வெள்ளி

கிளினிக்கில் ஒரு தபால்காரர். வேறு எங்கேயோ அடைத்த பல், மூன்று தடவை அடைத்தும் விழுந்துவிட்டதாம். "சிமென்ட் சரியில்ல டாக்டர்" என்கிறார். பார்த்தால் சிமென்டில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து குடைந்தே சுவரை மெலிதாக்கிவிட்டார்கள். செய்த வைத்தியமே நோயை வளர்த்திருக்கிறது.

அவர் வாயில் பஞ்சை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கொழுந்தனின் இன்ஜின் முதல் தடவை ஐந்து மாதம் தாங்கியது. இரண்டாம் தடவை ஐந்து வாரம். மூன்றாம் தடவை அரை மணி நேரம்.

பாவம் தபால்காரர், வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் பட்டறைக்குப் போனேன். ஹெட் கழற்றிய இன்ஜின் மூடியில்லாத பெட்டி மாதிரி கிடந்தது. எரிந்த மூன்று கேஸ்கெட்டையும் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறான், தண்டனை மாதிரி. மூன்றிலும் கருகல் ஒரே இடத்தில், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில்.

"தம்பி, ஒவ்வொரு தடவையும் புதுசா என்ன பண்ணே?"

"புதுசா ஒண்ணும் இல்ல அண்ணி. ஹெட்டைச் சீவி வாங்குவேன், புது கேஸ்கெட், பத்து போல்ட்டையும் முறையா இறுக்குவேன். அளவு ஸ்பேனர் இருக்கு, போதிய இறுக்கம் வந்தா 'டக்'குன்னு சத்தம் குடுக்கும். பத்துலயும் டக்குனு கேட்டுச்சு."

"சீவச் சீவ ஹெட் மெலிஞ்சிடாதா?"

"மயிரிழைதான் மெலியும்."

"மெலிஞ்சா போல்ட்?"

"போல்ட் அதே நீளம்தான். கொஞ்சம் கூடுதலா உள்ள இறங்கும்..."

அங்கேயே நின்றுவிட்டான். நானும் நின்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, போல்ட் இறங்கும் அந்தக் குழிகளைப் பார்த்தோம்.

வேர் சிகிச்சையில் ஊசியில் சின்ன ரப்பர் வளையம் போட்டுத்தான் ஆழம் பார்ப்போம். இங்கே ஊசிக்கு ஒரு சைக்கிள் கம்பி கிடைத்தது, என் பையில் வளையம் இருந்தது. முதல் குழியில் விட்டு, வளையத்தை வாயோரம் நிறுத்தி, எடுத்து ஸ்கேலில் வைத்தேன். இரண்டாவது குழியிலும் அதே அளவு. மூன்றாவதிலும் அதே. கருகல் இருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு குழிகள். அவற்றில் கம்பி நாலு மில்லிமீட்டர் முன்னாலேயே முட்டி நின்றது!

நெற்றி விளக்கைப் போட்டேன். வாய்க்குள் விடும் கண்ணாடியைக் குழிமேல் சாய்த்தேன். அடியில் கறுப்பாக, கெட்டியாக, இறுகிப்போன துருவும் பழைய எண்ணெயும். இருபது வருடம் பல் தேய்க்காதவன் வாயில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

அவன் போல்ட் டப்பாவைக் கொட்டினான். பத்தில் இரண்டின் நுனி மட்டும் வெள்ளிபோலத் தேய்ந்து பளபளத்தது.

பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி... இந்த ரெண்டும் ஹெட்டைப் புடிக்கவே இல்ல. குழியோட அடியில முட்டிட்டு நின்னிருக்கு. ஸ்பேனர் டக்குனு சொன்னதை நான் நம்பிட்டேன். ஒவ்வொரு தடவை சீவும்போதும் இன்னும் சீக்கிரமா முட்டியிருக்கு. நான்தான் அதைக் கெடுத்துக்கிட்டே வந்திருக்கேன்."

"கெடுத்தது யாருன்னு அப்புறம் பாக்கலாம். என் பையில கொக்கி ஊசி இருக்கும், குடு."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். போல்ட்டுக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது. ஒரு மணி நேரம் குடைந்தேன். அவன் விளக்குப் பிடித்தான். காற்றடித்ததும் கறுப்புத் தூள் என் முகத்திலேயே வந்து விழுந்தது. மறுபடி கம்பியை விட்டோம். பத்துக் குழியும் ஒரே ஆழம்.

அவனுக்கு வாயெல்லாம் பல். கடைவாயில் ஒன்று சொத்தை, அதையும் கவனித்துவைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

இவரிடம் நானே போய்ச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "மறுபடியும் அது நடக்காதுன்னு என்ன உத்தரவாதம்?" என்றார். பேசிவிட்டார், அது போதும்.

மார்ச் 27, வியாழன்

ஹெட் மெலிந்ததற்கு ஈடாகப் போல்ட் தலைகளுக்கு அடியில் தடித்த வாஷர். ஒவ்வொரு போல்ட்டும் அடியில் முட்டாமல் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அளந்து, சாக்குக்கட்டியால் சுவரில் எழுதியிருக்கிறான். இறுக்கும்போது என்னைக் கூப்பிட்டான்.

"தொட்டுப் பாருங்க அண்ணி. போன தடவை கல்லுல இடிச்ச மாதிரி பட்டுனு நின்னுச்சு. இப்போ எப்படி மெதுவா பிடிச்சுக்கிட்டே வருது!"

ஸ்பேனரைப் பிடித்து ஒரு கால் சுற்று நானே இறுக்கினேன். டக்.

மார்ச் 30, ஞாயிறு

சோதனை ஓட்டம். இவரும் வருகிறேன் என்றார்! ஆறு கேன் தண்ணீர், ஒரு தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, குடை. "குடை எதுக்குங்க?" என்றேன். "நடந்து வரணும்னா வெயிலா இருக்குமே."

மேட்டுச் சாலையில் முதல் தடவை ஏறினோம். இவர் கண் சூட்டு முள்ளைவிட்டு நகரவே இல்லை. முள் பாதியில் நின்றது, அங்கேயே நின்றது. இறங்கி, திரும்ப ஏறினோம். மூன்றாவது தடவை உச்சியில் நிறுத்தி, மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தான். சுத்தமாக இருந்தது. ஒரு துளி தண்ணீர் கலக்கவில்லை.

இவர் கேனில் இருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றித் தம்பியிடம் நீட்டினார். "குடி. காலையிலிருந்து நீ ஒண்ணும் குடிக்கல."

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சாலை ஓரத்தில் நின்று ஊரைப் பார்த்தபடி தண்ணீர் குடித்தார்கள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். அழுதது தெரிந்தால் கிண்டல் செய்வார்கள்.

மார்ச் 31, திங்கள்

மேனேஜருக்குப் பதில் போய்விட்டது. நான்கே வரி. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான்.

ஏப்ரல் 12, சனி

டீச்சர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டினார். பின்சீட்டில் நானும் கொழுந்தனும், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள. ஒன்றும் ஆகவில்லை, அவர் ஓட்டுகிற வேகத்தைத் தவிர. முன்னால் தங்கை, "அக்கா மெதுவா, அக்கா மெதுவா" என்று வழி முழுக்க ஜபம். கடற்கரையில் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அலைக்குள் இறங்கிவிட்டார்கள். சேலை முழங்கால்வரை நனைந்தது. கூப்பிட்டும் வரவில்லை.

கொழுந்தன் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான். மூன்று பேர் நம்பர் வாங்கிப் போனார்கள்.

மே 10, சனி

பட்டறையில் இப்போது நான்கு கார்கள், ஒன்று தெருவிலேயே நிற்கிறது. இவர் சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்கிறார். "சும்மா, ஆபத்து இருக்கான்னு பாக்கத்தான்" என்கிறார்.

இன்று மதியம் அங்கிருந்து வந்து வீட்டில் இவர் படுத்திருந்தபோது போன் அடித்தது. இவர் ஆபீஸ் பெரிய அதிகாரி. இவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, "வணக்கம், பட்டறை. சொல்லுங்க, என்ன வண்டி?" என்றார்.