மூன்றாம் சலவை

7-ம் தேதி, செவ்வாய்
சலவைக்கூடம்

என் குண்டூசிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீ இருக்கிற வார்டில் அந்தக் கேள்வி செல்லாது. அதனால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன்.

சனிக்கிழமை உள்ளே போனாய். பதினைந்து நாள் தொற்று வார்டு வேலை, எதிர்க் கட்டடத்தில் படுக்கை என்று சொல்லிவிட்டுப் போனவள், முதல் நாளே போனை மருந்துத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டாயாம். வாசல் காவலர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். காகிதம் உள்ளே வரலாமாம். உள்ளே போன காகிதம் வெளியே வரக் கூடாதாம், எரித்துவிடுவார்களாம். அதனால் துவைத்த கவுன் மூட்டைக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். பதில் தேவையில்லை. நான் பேச, நீ வாய் திறக்காமல் கேட்க, இப்படி ஒரு வாய்ப்பு இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

நீங்கள் உடுப்புக்கு மேல் போடுகிற பாதுகாப்புக் கவுனைப் பற்றி ஒன்று. உறையில் 'ஒரு முறைக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் வார்டுக்கு மொத்தமே அறுபதுதான் இருக்கிறது, புதுச் சரக்கு எப்போது வரும் என்று தெரியாது, துவைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று ஸ்டோர்க்காரர் என்னிடம் தள்ளிவிட்டார். நீ பயப்படாதே. மருந்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறும், பிறகு வெந்நீர், பிறகு காற்றில் உலரும். பதினெட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரி அழுக்கு என் கையில்தான் போகிறது. அக்கா துவைத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடு.

வீடு அமைதியாக இருப்பதில் காது வலிக்கிறது என்கிறார் உன் மாமா.

உன் அக்கா


9-ம் தேதி, வியாழன்
கவுனின் உள்பக்கம், இடது மடிப்பு

அக்காவுக்கு,

காகிதம்தானே வெளியே வரக் கூடாது? கவுன் வருமே. போட்டுக் கழட்டின கவுன்லயே மார்க்கர் பேனாவால எழுதறேன். கையுறையோட எழுதறதால கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. என்னைப் பேச விடாம ஜெயிச்சிடலாம்னு பார்த்தியா.

இங்க எல்லாரும் ஒரே அச்சு. கண்ணாடி, முகமூடி, தலையில உறை. யார் டாக்டர் யார் ஆயான்னே தெரியல. முதுகுல பிளாஸ்டர் ஒட்டிப் பேர் எழுதிக்கணும்னு ஹெட் சிஸ்டர் சொன்னாங்க. நான் குண்டூசின்னு எழுதிட்டேன். மூணாம் கட்டில் பெரியவருக்குப் பாதி எழுத்துதான் தெரியும். 'ஊசி'யை மட்டும் படிச்சுட்டு, நான் விரிப்பு மாத்தப் போனாலும் சட்டைக் கையை மடிச்சு நீட்டறார். நேத்து பாவமேன்னு கையைத் தடவிட்டு, வலிச்சுதான்னு கேட்டேன். "ராசியான கைம்மா உனக்கு, குத்தினதே தெரியல"ங்கறார்.

ஒரு வேளைக்கு ஆறு பேர். கவுன் போட்டா ஆறு மணி நேரம் கழட்டக் கூடாது, கழட்டினா இன்னொண்ணு கிடையாது. சாப்பிட்டேன். துணி முடிஞ்சுபோச்சு.

குண்டூசி


12-ம் தேதி, ஞாயிறு
சலவைக்கூடம்

என் குண்டூசிக்கு,

வெந்நீரில் வெந்து வந்த கவுனில் உன் கிறுக்கலைப் பார்த்து இங்கே எல்லாரும் பேயைப் பார்த்தது போல நின்றார்கள். நான் மட்டும் சிரித்தேன். ஆஸ்பத்திரித் துணியில் கடுதாசி எழுதிய முதல் ஆள் நீதான். பெரியவர் கதையை உன் மாமாவிடம் சொன்னேன். சோற்றுக் கையோடு சிரித்துப் புரை ஏறிவிட்டது.

இப்போது விளையாட்டை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கவனி. அதே கவுன் இரண்டாம் தடவை சலவைக்கு வந்தபோது உன் கறுப்பு எழுத்து பழுப்பாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கழுத்துக் கோடு நினைவுக்கு வந்தது. எது புதிதாகச் சலவைக்கு வந்தாலும், நம் துணி என்று தெரிய, கழுத்துக்கு உள்ளே அதே மார்க்கரில் ஒரு கோடு போடுவோம் இல்லையா. எல்லாக் கவுனையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சலவை கண்டது கறுப்பு. இரண்டு கண்டது பழுப்பு. மூன்று கண்டது சாம்பல். ஒவ்வொன்றையும் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றினேன். கறுப்பில் தண்ணீர் உருண்டு நின்றது. பழுப்பிலும் நின்றது. சாம்பலில் என் உள்ளங்கை நனைந்துவிட்டது. சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் துணியின் தடுப்பு போய்விட்டது. என் கையும் வெந்நீரும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன.

ஸ்டோர்க்காரரிடம் ஓடினேன். கிழியவில்லையே அம்மா என்றார். எண்ணிக்கை குறைந்தால் அவரைக் கேட்பார்களாம். அதனால் சாம்பலையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன். நீ கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் போடாதே. மற்றவர்களுக்கும் சொல். போன கடிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடு என்று எழுதினேனே, அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

உன் அக்கா


15-ம் தேதி, புதன்
கவுனின் உள்பக்கம், முதுகுப் பகுதி

அக்காவுக்கு,

உன் உத்தரவுப்படியே நடக்குது. சந்தையில மாட்டுக்குப் பல் பார்க்கற மாதிரி காலையில ஒவ்வொண்ணுக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கறேன். தொண்டையில குழாய் விடறவங்களுக்குக் கறுப்பு. மத்தவங்களுக்குப் பழுப்பு. சாம்பல் ஓரமாப் போயிடும். ஹெட் சிஸ்டர் எனக்குக் கழுத்து டாக்டர்னு பட்டம் கொடுத்துட்டாங்க. சம்பளம் மட்டும் ஆயா சம்பளம்.

உனக்குடின்னு கேப்ப. எனக்கும் ஒண்ணு இருக்கு, கவலைப்படாதே.

மூணாம் கட்டில் பெரியவர் இன்னிக்கு எழுந்து நாலு அடி நடந்தார். நான் பிடிச்சுக்கிட்டேன். அவர் என்னமோ என்னை நடக்க வைக்கற மாதிரி "மெதுவா, மெதுவா"ன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வந்தார்.

ஞாயித்துக்கிழமை வெளியே வரேன். பதினஞ்சு நாள் பேச்சு பாக்கி இருக்கு. மாமாவைப் பஞ்சு வாங்கி வச்சுக்கச் சொல்லு.

குண்டூசி


20-ம் தேதி, திங்கள்
சலவைக்கூடம்

குண்டூசி,

நேற்று வாசலில் பத்து மணியிலிருந்து நின்றேன். உன்னோடு உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் காவலர் நாற்காலியைத் தூக்கி வந்து என்னை உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது. சும்மா நிற்கிறவளுக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை.

காய்ச்சல்தான், அங்கேயே ஒரு கட்டில் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். மூன்றாம் கட்டில் காலியாம், பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டாராம். நீ அதில் படுத்திருக்கிறாயாம். எத்தனை பேரைத் தூக்கி உட்கார வைத்தவள் நீ. உன்னையும் உட்கார வைத்துவிடுவார்கள். மூச்சை நன்றாக இழுத்து விடு. பேச வேண்டாம். இந்த ஒரு தடவை அக்கா சொல்வதைக் கேள்.

அக்கா


மறு மாதம் 6-ம் தேதி, புதன்
வீடு

என் குண்டூசிக்கு,

நீ போய் இன்றோடு ஒன்பது நாள். இதை எந்த மூட்டையில் வைத்து அனுப்புவது என்று தெரியவில்லை. இருந்தாலும் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

ஐந்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன். இன்னும் நாலு நாள் இரு என்றார் உன் மாமா. நான் வீட்டில் இருந்தால் சாம்பல் கவுன் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்றேன். அவர் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார்.

அன்றைய சலவையில் சாம்பலை எல்லாம் தனியாகக் குவித்தேன். முப்பத்தெட்டு. அதில் ஒன்றையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். ஸ்டோர்க்காரரும் அங்கேதான் இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் எத்தனையோ நாளாக வீட்டுக்குப் போகாமல் சரக்குக்காகப் போனும் கையுமாகக் கிடந்தவர்தான். அவருடைய பைல் மேசைமேல் இருந்தது. அதன்மேல் கவுனை விரித்தேன்.

"சார், இது நல்ல கவுனா?"

"கிழியலையேம்மா."

"அப்ப தண்ணி இறங்காதுதானே?"

"இறங்காது."

ஊற்றினேன். அவர் பதறி எழுந்து பைலை இழுத்தார். அட்டையிலிருந்து சொட்டியது.

"பைல் நனைஞ்சதுக்கே எழுந்துட்டீங்க சார். எங்க ஆளுங்க இதைப் போட்டுக்கிட்டு ஆறு மணி நேரம் நின்னாங்க."

ஸ்டோர்க்காரர் பைலைத் துடைக்காமல் அப்படியே நின்றார். பெரிய டாக்டர் கறுப்புக் கோடு போட்டது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். முத்து முத்தாக நின்றது. இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று என்னைக் கேட்டார். என் தங்கை கடிதம் எழுதியதால் கண்டுபிடித்தேன் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

அன்று மாலையே தாளில் அடித்து ஒட்டினார்கள். மூன்று சலவை, பிறகு எரிக்கிற பை. கழுத்தைப் பார்க்காமல் ஒன்றும் வார்டுக்குப் போகக் கூடாது, பார்க்கிற பொறுப்பு சலவைக்கூடத்துக்கு. கவுன் குறைந்ததால் ஒரு வேளைக்கு ஆறு பேருக்குப் பதில் நாலு பேர்தான் உள்ளே போகிறார்கள். வேலை கூடுதல்தான். ஆனாலும் நனைந்துகொண்டு யாரும் நிற்கவில்லை. ஸ்டோர்க்காரர் தானே கடை கடையாகப் போய், பள்ளிப் பிள்ளைகளும் தபால்காரர்களும் போடுகிற மழைக்கோட்டை நாற்பது வாங்கி வந்தார். மழைக்கோட்டை எத்தனை துவைத்தாலும் தாங்கும். நேற்று ஒரு டாக்டர் மஞ்சள் மழைக்கோட்டில் வார்டுக்குள் போனாராம். நீ இருந்திருந்தால் அவருக்கு ஒரு பட்டம் வைத்திருப்பாய்.

அக்கா


மறு மாதம் 18-ம் தேதி, திங்கள்
சலவைக்கூடம்

என் குண்டூசிக்கு,

புதுச் சரக்கு வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக ஸ்டோர் வாசல்வரை அடுக்கியிருக்கிறார்கள். இனித் துவைக்க வேண்டியதில்லை, ஒரு தடவை போட்டு எறியலாம். ஆனாலும் வருகிற மூட்டை எல்லாவற்றிலும் நான் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கை பழகிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிச் சலவைக்காரர்கள் இரண்டு பேர் வந்து கோடு போடுவதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களிடம் இன்னும் புதுசு வரவில்லையாம். எந்த மார்க்கர் என்று பெயர் முதற்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

உன் எழுத்து இருந்த கவுன் இரண்டும் சாம்பல் கோடுதான். எரிக்கிற பையில் நான்தான் போட்டேன். ஒன்றையாவது வீட்டுக்கு எடுத்து வந்திருக்கலாமே என்று உன் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒன்றை எடுத்து ஒளித்தால் நாளைக்கு இன்னொருத்தி ஒன்றை உள்ளே அனுப்புவாள் என்று சொல்லிவிட்டேன். எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். துணி எதற்கு.

இன்று ஹெட் சிஸ்டர் என்னைத் தேடி இங்கே வந்தார். துணி மடிக்கும் மேசை ஓரத்தில் நின்றுகொண்டு, நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். இருபது விரிப்பு மடித்தோம். பிறகு சொன்னார்.

"அன்னிக்கு புதன்கிழமை, கறுப்பும் பழுப்பும் சேர்த்து அஞ்சுதான் தேறிச்சு. நாங்க ஆறு பேர். அவதான் பிரிச்சுக் கொடுத்தா. கொடுத்து முடிக்கறதுக்குள்ள மூணாம் கட்டில் மணி அடிச்சுது, ஓடினா. அவ எதைப் போட்டுக்கிட்டான்னு நான் பார்க்கல. பார்த்திருக்கணும்."

எதைப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் புதன்கிழமைக் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கும் முன்னால் பழக்கத்தில் அந்தக் கவுனின் கழுத்தைத் திருப்பினேன். சாம்பல். எண்ணிக்கைக்காக நான் மூட்டையில் சேர்த்து அனுப்பியதுதான் அது. இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமாவிடமும்.

ஹெட் சிஸ்டர் அழுதார். நீங்க பார்த்திருந்தாலும் அவ யார்கிட்டயும் திரும்ப வாங்கியிருக்க மாட்டா, அவ பிடிவாதம் எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொன்னேன். தைரியமாகப் போனார். நான் சொன்னால் எல்லாரும் நம்புகிறார்கள் இப்போது. ஆனால் அது உண்மையா என்று எனக்கே தெரியாது. கவுனைக் கையில் வைத்துப் பார்த்தால் அதன் கதை முழுவதும் சொல்லிவிடுவேன், இந்த ஒன்றை மட்டும் எந்தக் கோடும் எனக்குச் சொல்லவில்லை.

சாம்பல் கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகும், ஆறாவது ஆள் நான்தான் என்று அதை எடுத்துப் போட்டாயா, இல்லை மணிச் சத்தத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்க்க மறந்து மாட்டிக்கொண்டாயாடி?