இரண்டு தண்ணீரின் பாட்டு

கோப்பாய்,
கார்த்திகை, 1936.

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தானுக்கு,

நகுலேஸ்வரப் பெருமான் அருளால் நானும் மாமியும் சுகம். ஈப்போவில் உங்கள் சுகத்தை அறிய ஆவல். இருமல் விட்டதா? மாமி தந்துவிட்ட வேர்க்கொம்பை இடித்து அவித்துக் குடியுங்கள். போத்தலில் பூட்டி வைக்க அனுப்பவில்லையாம்.

மழை நன்றாகப் பெய்கிறது. கிணறு நிரம்பிவிட்டது.

நான் பிடிலைத் தூக்கிக்கொண்டு மயிலிட்டிக் கடற்கரையில் திரிவதாக உங்கள் அண்ணை எழுதினார் என்றீர்கள். உண்மைதான். ஏன் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

காலமான மாமாவை நினைத்து ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனோம். கேணிக்குள் ஊற்றுத் தண்ணீர் சத்தமில்லாமல் சுரக்கிறது. மதிலுக்கு அப்பால் கடல் அடிக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு பாட்டுச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றே என்னைப் பிடித்துக்கொண்டது.

ஊற்றுக்குப் பிடில் போதும். கடல்தான் வரவில்லை. தாளம் போட்டால் அலை தவறிவிடுகிறது. ஒன்று நீளம், அடுத்தது கட்டை. எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் லூர்த்தம்மா மயிலிட்டிக்காரி. அவளிடம் கேட்டேன். “கடலை எண்ணாதையுங்கோ அக்கா, மூச்சை விட்டுப் பாடுங்கோ” என்று சொல்லி, தன் தகப்பன் யாகோப்பு வலை இழுக்கும்போது பாடுவதைப் பாடிக் காட்டினாள். பிறகு சனிக்கிழமைகளில் நான் அங்கே போவேன், அல்லது அவள் இங்கே வருவாள். பாட்டில் எது யாருடையது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

அலை திரும்பும்போது கல்லில் உரசுமே, அந்தச் சத்தம் மட்டும் எங்களுக்கு அகப்படவில்லை. ஒருநாள் மாமி உள்ளே சுளகில் உழுந்து கொழித்துக்கொண்டிருந்தார். சுளகில் அது உரசுவதைக் கேட்டதும் லூர்த்தம்மா பாட்டை விட்டு எழும்பி நேரே குசினிக்குள் ஓடிவிட்டாள். கடற்கரைச் சனம் எங்கள் குசினிக்குள் கால் வைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியுமே. மாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு “இரு பிள்ளை” என்று பலகையைத் தள்ளிக் கொடுத்தார்.

“உங்கடை பாட்டுக்கு நான் சுளகு பிடிக்கவோ? சனம் சிரிக்கும்” என்றுதான் முதலில் சொன்னார். ஆனாலும் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவன்று தோய்த்த வெள்ளைச் சேலையோடு, மடியில் சுளகை வைத்துக்கொண்டு மேடையில் இருந்தார். மாமா போனபிறகு கோயிலைத் தவிர வேறெங்கும் போகாத மாமி!

உங்கள் அண்ணை முன்வரிசையில் இருந்தார். தாயாரை மேடையில் கண்டதும் எழும்பி வாசலுக்குப் போய்விட்டார். அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. அவர் குடையோ வண்டிலுக்குள். தகரக் கூரையில் கொட்டிய மழையில் என் பிடில் எனக்கே கேட்கவில்லை. எல்லாம் போயிற்று என்று வில்லை இறக்கிவிட்டேன். லூர்த்தம்மா நிறுத்தவில்லை. மழை தணிந்தபோது குரலை எடுத்தாள், கூடியபோது விட்டுக்கொடுத்தாள். மாமியின் சுளகும் அவளோடு போனது. நானும் மறுபடி வில்லை எடுத்தேன். நாங்கள் பழகி வைத்திருந்த பாட்டு அல்ல அது. அதைவிட நல்ல பாட்டு.

அண்ணை வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். எங்களை வண்டிலில் வீட்டுக்குக் கூட்டி வந்தார். வாசற்படலையில் இறங்கும்போதுதான், “உது பாட்டோ எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனால் ஐயாவோடை கீரிமலையிலை குளிச்ச ஞாபகம் வந்திட்டுது” என்றார். மறுநாள் லூர்த்தம்மா வீட்டுக்கு ஒரு குலை கதலி அனுப்பினார். அண்ணைக்கு மச்சம் மாமிசம் ஆகாதென்று தெரியாமல் அவர்கள் பதிலுக்குப் பாரை மீன் அனுப்ப, அது அயல் வீட்டுக்குப் போனது. மாமி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

வாடைக்காற்று பனங்கூடலுக்குள் புகுந்து எழுப்பும் சத்தத்தில் இப்போது அடுத்த பாட்டைத் தொடங்கியிருக்கிறோம். சுளகு வேண்டாமா என்று மாமியே கேட்கிறார்.

வீடு பார்த்துவிட்டதாகவும் தையில் கப்பலேற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வா என்றால் வருவேன், அத்தான். உங்களைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் சுகமில்லை. அதற்கு முன் உங்கள் லீவில் ஒருமுறை இங்கே வாருங்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் மூவரோடும் இருந்து கேளுங்கள். பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். கேட்காமல் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
அருமைநாயகி