விலை ஏறிக்கொண்டே போன மேசை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. வலது முட்டி வலியையும் சமையலறைக் குழாய் ஒழுகுவதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்கிறீர்கள் என்றே மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களா என்கிறாய், நான் ஆச்சு என்கிறேன், நீ சாப்பிட்டாயா என்கிறேன், நீயும் ஆச்சு என்கிறாய், அப்புறம் இரண்டு பேரும் அடுத்தவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறோம். ஏழு மாதமாக இதுதான் நடக்கிறது. அதோடு இந்த உறைக்குள் உனக்கு ஒரு சாமான் வைத்திருக்கிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாது.

கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். இனி லிஃப்ட் குழிக்குள் நான் இறங்க வேண்டாமாம், புதிதாக வந்தவர்கள் இறங்குவார்கள், நான் மேலே நின்று திட்டினால் போதுமாம். அந்த வேலை எனக்கு நன்றாகவே வருகிறது. அத்தை போன வாரம் வந்து நாலு நாள் இருந்தாள், வழக்கம்போல எல்லா டப்பாவையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் போனதில் நான் இன்னும் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் ஜன்னலோரம் மேசைக் கால்கள் பதிந்த நாலு தடம் இருக்கிறதே, அதைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. போகாது, விட்டுவிடு என்றேன். சரி, சுற்றி வளைப்பானேன், அந்த மேசையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவின் காரியம் முடிந்து நீ விமானம் ஏறிய நாலாவது நாளே பழைய சாமான் கடைக்காரரைக் கூப்பிட்டு அம்மாவின் மேசையைக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று அன்று உன்னிடம் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அம்மாவிடம் டியூஷன் படித்த பிள்ளைகளில் விஷயம் தெரியாத யாராவது ஒருத்தர் மணி அடிப்பார்கள். டீச்சர் இல்லை என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால் அந்த மேசை, அந்த நாற்காலி, அவள் மூக்குக் கண்ணாடிக் கூடு. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், நாலாவது நாள் முடியவில்லை. நீ வீடியோவில் கூப்பிட்டபோது எனக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, “அம்மாவை வித்துட்டீங்களாப்பா?” என்று கேட்டாய். என் வீடு, என் சாமான், உன்னைக் கேட்க வேண்டுமா என்று நான் கத்தினேன். அன்றைக்கு நின்றுபோன பேச்சுதான், அப்புறம் சாப்பாட்டு விசாரிப்பு மட்டும்தான்.

அதற்கப்புறம் நாலு மாதம் கழித்து, எங்கள் கம்பெனியில் லிஃப்ட் மோட்டார் பழுது பார்க்கும் மோட்டார்காரர் தன் வீட்டுக்குப் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று போனில் தேடிக்கொண்டிருந்தார். பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்று இருக்கிறதே, அதில்தான். நானும் எட்டிப் பார்த்தேன். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது நிறுத்துங்க நிறுத்துங்க என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். நான் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துச் சுட்ட தழும்பு, முக்கோணமாக, மேசைக்கு நட்டநடுவில். இருபது வருஷம் அம்மா அதன் மேல் அட்லஸை வைத்து மறைத்து வைத்திருந்தாள், யாராவது பார்த்துக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்குமாம். அந்தத் தழும்பைக் காட்டித்தான் கடைக்காரர் என்னிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். இப்போது அதே தழும்பு, காலத்தின் முத்திரை பதித்த பழம்பொருள் என்று ஆகியிருந்தது. நடு ட்ராயர் அவருக்குத் திறக்க வரவில்லை போலிருக்கிறது, ரகசிய அறை கொண்டது என்று எழுதியிருந்தார். விலை மூன்று மடங்கு. என் மேசையை நானே மூன்று மடங்கு கொடுத்து வாங்க வேண்டும். போகட்டும் என்று மோட்டார்காரரின் கணக்கிலிருந்தே எழுதிக் கேட்கச் சொன்னேன். என் பெயரைப் பார்த்தால் ஏற்றிவிடுவார் என்று பயம்.

ஏற்றத்தான் செய்தார். மறுநாள் காலையில் பார்த்தால் விலை கூடியிருக்கிறது. இன்னொருத்தர் தூரத்திலிருந்து விடாமல் கேட்கிறார், நீங்க எவ்வளவு சொல்றீங்க என்றார். நான் ஒன்று சொன்னேன். இரண்டு நாளில் அவங்க அதுக்கு மேலே சொல்லிட்டாங்க என்றார். நான் இன்னும் கொஞ்சம் ஏறினேன். மறுபடியும் ஏற்றினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த ஆளுக்கு ஊரில் வேறு மேசையே கிடைக்கவில்லையா என்று மோட்டார்காரரிடம் தினமும் புலம்பினேன். ஒரு நாள், குழந்தை, அந்த ஆள் கை விளங்காமல் போகட்டும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். மோட்டார்காரரே, விடுங்க, ஒரு மேசைக்கா இப்படி என்று முகம் சுளித்தார். நாலாவது தரம் ஏற்றியபோது, மேசையை அவரே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்துவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து நேரிலேயே கடைக்குப் போனேன். கட்டிலும் பீரோவும் உடைந்த நாற்காலியுமாக அடைத்துக் கிடந்த இடத்தில் மேசையை மட்டும் காணோம். போய்விட்டது என்றார். காபிக் கடை ஒன்று புதிதாகத் திறக்கிறார்களாம், அவர்கள் வாங்கிக்கொண்டார்களாம். மோட்டார்காரர் கணக்கில் கேட்டவன் நான்தான் என்று சொல்லி, எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று கேட்டேன். நான் இரண்டாவது தரம் சொன்னதைவிடக் குறைவு! நீங்க ரெண்டு பேரும் ஒரே வாரத்துல விலகிட்டா நான் என்ன சார் பண்றது என்று அவர் என்னைக் குறை சொல்கிறார். இரண்டாவது ஆள் என்று ஒருத்தர் கிடையவே கிடையாது, நீரே கட்டிவிட்ட கதை அது என்று நான் சத்தம் போட்டேன். அவருக்கு ரோஷம் வந்து, பொய் சொல்றவன் நான் இல்லை என்று போனை எடுத்து அந்த ஆள் எழுதியதை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

“நடு ட்ராயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, கைப்பிடி கையோட வந்துடும். அடியில முழங்காலால ஒரு முட்டு முட்டுங்க, தானா திறக்கும்” என்று எழுதியிருந்தது.

அந்த மேசையை முழங்காலால் திறக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான் கண்ணு. ஒருத்தி போய்விட்டாள். ஒருத்தன் அந்தக் கடையில் கையில் பணத்தோடு நின்றுகொண்டிருந்தான். பெயரைப் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கடைக்காரர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார், அந்தம்மா சொன்னாங்க, நான்தான் முட்டிப் பார்க்கலை, ரகசியம்னா விலை கூடும் இல்லையா என்கிறார். அவரே விரலால் தள்ளி உன் கடைசிச் செய்தியையும் காட்டினார். “இதுக்கு மேல என்னால முடியாதுங்க. யார் வாங்கினாலும் அந்தச் சுட்ட இடத்து மேல ஒரு புத்தகத்தை வச்சுக்கச் சொல்லுங்க.” நான் பழைய கட்டில் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

எத்தனை இரவு நீ அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டாயோ, மாப்பிள்ளையிடம் என்ன சொல்லிக் கேட்டாயோ தெரியவில்லை. நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, அம்மாவின் மேசையை அப்பனும் மகளுமாகச் சேர்ந்து நமக்கே எட்டாத உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டோம். கடைக்காரரை நான் திட்டுவதில் அர்த்தமில்லை. இருவர் கேட்டால் எந்தக் கடைக்காரரும் ஏற்றுவார். அந்த இரண்டு பேரும் அப்பனும் மகளும் என்று அவருக்கு எப்படித் தெரியும், நமக்கே தெரியவில்லையே. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டாயா என்பதற்கு அப்புறம் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் நான் பேசியிருந்தால் அது முதல் விலைக்கே வீட்டுக்கு வந்திருக்கும். நீ அல்ல, நான் பேசியிருக்க வேண்டும். கத்தியவன் நான்தானே.

அந்தக் காபிக் கடையைத் தேடிக்கொண்டு போனேன். ஜன்னலோரம்தான் போட்டிருக்கிறார்கள். நான் போனபோது காலியாக இருந்தது, உட்கார்ந்து ஒரு காபி சொன்னேன். நடு ட்ராயர் சும்மா அழகுக்கு சார், திறக்காது என்று அங்கே வேலை செய்கிற பெண் சொன்னாள். வலிக்கிற முட்டியாலேயே ஒரு முட்டு முட்டினேன். திறந்துகொண்டது. அந்தப் பெண் வாயைப் பிளந்துவிட்டாள். விற்ற அன்று அதைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இருக்கவில்லை, உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. சாக்பீஸ் துண்டு, ரப்பர் பேண்ட், சிவப்புப் பேனா, நாலாக மடித்த ஒரு சீட்டு. சீட்டில் அம்மா கையெழுத்தில் ஒரே வரி. ட்ராயர், அவரிடம் கடைசித் தடவையாகச் சொல்லிப் பார்க்கணும். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவருக்கு வீட்டில் ஒரு ட்ராயரைச் சரிசெய்யத் தெரியாது என்று அவள் இருபது வருஷமாகச் சொன்னதுதான். அந்தக் கடைசித் தடவை அவள் சொன்னாளா, சொல்லி நான்தான் காதில் வாங்கவில்லையா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் அங்கேயே அழுதேன், யார் பார்த்தால் என்ன.

காபிக் கடை முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மேசையைக் கொடுக்க மாட்டார்களாம், வேண்டுமானால் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சீட்டை நான் வைத்துக்கொண்டேன். பேனா உனக்கு. மை காய்ந்திருக்கும், திட்டாதே. மறுநாள் அட்லஸைக் கொண்டுபோய் நீ சொன்னபடியே சுட்ட இடத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன், எடுக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ வரும்போது போகலாம், ஜன்னலோரம் உனக்கு, எதிர்ப்பக்கம் எனக்கு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அப்பாவுக்கு ஒரு போன் போடு, நானும் உனக்குப் போடுகிறேன். தெரியாமல் சொன்ன வாயாலேயே சொல்கிறேன், உன் இரண்டு கையும் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு.

இப்படிக்கு,
உன்னோடு போட்டி போட்ட
அப்பா