திட்டிக் காட்டு, நம்புகிறேன்

மேல் டிவிஷன் லயம், பலாங்கொடை
2025 ஏப்ரல் 26

ஸாஹிராவுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. பிரதேச சபைத் தேர்தலில் நீ நிற்கிறாய் என்று தோட்டத்தில் லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உனக்காகப் பேசியவள் நான். நேற்று எல்லார் போனிலும் உன் குரல் வந்தது. "தோட்டத்து ஆளுங்களுக்கு ரோடு எதுக்கு? ஒரு சோத்துப் பார்சல் குடுத்தா ஓட்டுப் போடுவாங்க" என்கிறாய். ஒரு நிமிடம் முழுக்க எங்களைத் திட்டுகிறாய். ஒன்பதாம் வகுப்பில் உன் வீட்டு வட்டிலப்ப இனிப்பை ஒரே கரண்டியால் மாறி மாறித் தின்றோமே, அப்போதும் இப்படித்தான் நினைத்தாயா?

எங்கள் டிவிஷனில் உனக்கு ஓர் ஓட்டும் கிடையாது.

தங்கம்மா

---

ஸாஹிரா டெக்ஸ்டைல்ஸ், பலாங்கொடை
ஏப்ரல் 28

அன்புத் தோழி தங்கம்மாவுக்கு,

நாலு தடவை உனக்குப் போனில் கோல் எடுத்தேன். நாலு தடவையும் வெட்டிவிட்டாய். அதனால் இதை உங்கள் பஸ் கண்டக்டர் நுஹ்மானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அது நான் இல்லை. என் கடை விளம்பர வீடியோவிலிருந்து குரலை எடுத்து, கம்ப்யூட்டரில் அப்படிப் பேச வைத்திருக்கிறார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். அவர்கள் விசாரித்து முடிப்பதற்குள் தேர்தலே முடிந்துவிடும். என் மகள் இஸ்ராவே, "உம்மா, இத எப்ப பேசினீங்க?" என்கிறாள்! சிரிப்பதா அழுவதா?

ஓட்டு போனால் போகட்டும். நீ என்னை அப்படி நினைப்பதுதான் தாங்கவில்லை. இன்னொரு முறை கேட்டுப் பார்.

உன் ஸாஹிரா

---

மேல் டிவிஷன் லயம்
மே 1

என் அருமை ஸாஹிரா,

கேட்டேன். மூன்றாம் தரம்தான் பிடிபட்டது. அந்தக் குரல் ஒரு நிமிடம் முழுக்கத் தமிழிலேயே திட்டுகிறது! உனக்குக் கோபம் வந்தால் தமிழ் எங்கே வரும்? முதல் வார்த்தையிலேயே சிங்களத்துக்குத் தாவிவிடுவாயே.

முந்தாநாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடுமுன், எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். "ஸாஹிரா தமிழ்ல திட்டி யாராச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றேன். கங்காணி சொன்னார்: "தீவாளித் துணிக்கு வெலைய கொறைங்கன்னதுக்கு என்னைய சிங்களத்துலதானே கிழிச்சாங்க!" களமே சிரித்தது.

எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் பழகிய உன்னை விட்டுவிட்டுப் போனை நம்பினேன். மன்னித்துக்கொள்.

இப்போது இங்கே புதுப் பழக்கம். நேற்று பேங்க் என்று ஒருவன் என் ரகசிய எண்ணைக் கேட்டான். "மொதல்ல திட்டுங்க பாப்போம்" என்றேன். பயந்து வைத்துவிட்டான்.

உன் தங்கம்மா

---

பலாங்கொடை
மே 8

அன்புத் தங்கம்மா,

பத்தொன்பது வாக்கில் தோற்றேன். உங்கள் தோட்டத்தில் நான்தான் முதல். கீழே மற்றத் தோட்டங்களில், என்னிடம் இதுவரை திட்டு வாங்காதவர்கள் அந்தக் குரலை நம்பிவிட்டார்கள். ஒரு நாள் அழுதேன். பிறகு உன் பேங்க்காரனை நினைத்துச் சிரித்தேன்.

இனிக் கோல் எடுத்தால் பேசுவாய்தானே?

ஸாஹிரா

---

மேல் டிவிஷன் லயம்
மே 11

என் ஸாஹிரா,

நேற்று உன் கோல் வந்ததும், "எங்க, ஒருக்கா திட்டு பாப்போம்" என்றேன். "ஒயாட்ட பிஸ்ஸுத?" என்று தொடங்கி, மூச்சு விடாமல் சிங்களத்தில் வெளுத்து வாங்கினாய். எனக்குப் பைத்தியமாம்! கேட்கக் கேட்கக் கண் நிறைந்துவிட்டது. நீயேதான்.

ரோட்டுக்கு மனு எழுதி, லயம் முழுக்கக் கையெழுத்து வாங்கிவிட்டேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தோற்றால் என்ன, இரண்டு பேரும் சபைக்குப் போவோம். மனுவை நான் கொடுக்கிறேன். தட்டிக் கழித்தால் நீ பேசு. எந்த மொழியில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வட்டிலப்பம் செய்து வை. ஒரே கரண்டி போதும்.

தங்கம்மா