எப்பவும் போல வைத்த அட்டை

ஜூன் 9, திங்கள்
வி கழுத்து டி-ஷர்ட் சாம்பிள் மறுபடி திரும்பி வந்துவிட்டது. வி முனையில், கழுத்தோரம் வைத்துத் தைக்கிற ரிப் பட்டை பாம்பு படமெடுத்த மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. பேட்டர்ன் என்னுடையது. ரிப் முனையைச் சாய்வாக வெட்ட முக்கோண அட்டை நறுக்கிக் கொடுத்ததும் நான்தான். வி கோணம் அறுபது டிகிரி, முனையில் கூடும் இரண்டு பட்டைக்கும் பாதிப் பாதி, முப்பது. அளந்து அளந்து பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன்?

ஜூன் 10
மேனேஜர் செல்வக்குமார் கேட்டார்: "ஏனுங்க மதுமதி, அட்டையில தப்புங்களா, தையல்லயா?"
"அட்டை சரிங்க சார்."
அப்படிச் சொன்னால் பழி யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியாதா? சாம்பிள் அறையில் ரிப் வெட்டித் தைப்பவர் இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரர். இன்னொன்று கெட்டால் அவரை லைனுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நாளெல்லாம் சட்டைக்குக் கை பூட்டுவது மட்டும்தான்.
அவரிடமும் கத்தினேன். "எப்பவும் போல அட்டைய வெச்சு வெட்டுங்கன்னுதானே சொன்னேன்?"
"அப்படித்தான் வச்சேன் மேடம்."

ஜூன் 12
அடுத்த சாம்பிளும் அதே தூக்கலோடு போச்சு. இசக்கிமுத்து லைனுக்குப் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 14
அவர் இடத்துக்கு வந்த சித்ரகலா தைத்தாள். அதே தூக்கல்! இனி யாரைத் திட்டுவதாம்?
சாப்பாட்டு நேரத்தில் தாளில் வி கோணத்திலேயே வெட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு கோடு இழுத்தேன். வெட்டிக்கொள்ளும் கோடுகளுக்குக் கோண இருசமவெட்டி ஒன்றில்லை, இரண்டு. ஒன்று குறுங்கோணத்தைப் பாதியாக்கும், இன்னொன்று பக்கத்து விரிகோணத்தை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். என் அட்டை செங்கோண முக்கோணம். ஒரு மூலை முப்பது, மறு மூலை அறுபது. அந்த அறுபது, விரிகோணத்தின் பாதி. ரிப்பை அந்த மூலையில் வெட்டியிருக்கிறார்கள்!
இதுவரை வந்த வி எல்லாம் தொண்ணூறு. பாதி நாற்பத்தைந்து, இரண்டு மூலையும் ஒன்றே. எதை வைத்தாலும் படியும். அதனால் இங்கே யாரும் மூலை பார்த்ததே இல்லை. நானும் குறி போடவில்லை. போதாததற்கு 'எப்பவும் போல' என்று வேறு சொல்லி — சே, என்ன ஜென்மம் நான்!

ஜூன் 17
முப்பது மூலையில் அம்புக்குறி போட்டேன். கழுத்து அப்படியே படிந்துவிட்டது. சாம்பிள் ஓகே.
தப்பு என்னுடையது, இசக்கிமுத்துவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன்.
"அதான் ஓகே ஆயிருச்சில்லீங்க. விடுங்க."
எப்படி விடுவது?

ஜூன் 18
இசக்கிமுத்து தன் கத்தரியை எடுத்துப்போக வந்தார். வேறு கம்பெனிக்குப் போகிறாராம். புது அட்டையைக் காட்டினேன். அம்புக்குறி மேல் விரலை வைத்துப் பார்த்தார்.
"இத அன்னைக்கே போட்டிருக்கலாம்லா, மேடம்."