மேலும் கீழும் கறுப்பு

இட்டகேரா,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள அண்ணன் வாண்டெர்லேக்கு,

தங்கை ஜுசிலேனி எழுதுவது. இந்தக் காலத்தில் கடிதமாக எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். குரல் செய்தி அனுப்பினால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிடுகிறாய். “இவ பேசறதை அப்படித்தான் கேக்கணும், இல்லேன்னா தூங்கிருவோம்” என்று கிறிஸ்துமஸ் அன்று எல்லார் முன்னாலும் சொன்னாய். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது; இதைப் படமெடுத்து உன் தொலைபேசிக்கே அனுப்புகிறேன். ஆகவே உட்கார்ந்து படி.

இங்கே அம்மாவுக்குக் குளிரில் முழங்கால் வலி கூடியிருக்கிறது. வேறு சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஜூலை குளிர்கால விடுமுறை என்பதால் அப்பாவின் பள்ளி வேன் கொட்டகையிலேயே நிற்கிறது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் உன் பெட்டியின் கதை. நீ போர்ச்சுகலுக்குப் போவதற்கு முன், பழைய கணினி ஒன்றுக்குப் பலகை அடித்து, கீழே பெரிய திரையும் மேலே சின்னத் திரையும் பொருத்தி, அப்பாவுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி செய்து கொடுத்தாய். கீழே கார் ஓடும், மேலே சாலையின் வரைபடமும் புள்ளிகளும் தெரியும். நன்றாகத்தான் செய்திருந்தாய். உன்னைப் பாராட்டி எழுத வேறு எதுவும் கிடைக்கப்போவதில்லை, அதனால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கார்னிவல் முடிந்த கையோடு அப்பா முதல் முறை புகார் சொன்னார். “ஓரத்துல படம் வெட்டுதுடா. வண்டிங்க எங்கேருந்தோ திடீர்னு முளைக்குது.” நீ போர்ட்டோவில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்தாய். உன் மடிக்கணினியில் இரண்டு திரைகளின் படமும் முழுசாகத் தெரிந்திருக்கும். வெட்டு எதுவும் இருந்திருக்காது. ஆனாலும், தெரியவில்லை என்று சொல்ல உனக்கு வாய் வருமா? “ரெசல்யூஷன் கோளாறுப்பா. ரெண்டு திரைக்கும் ஒத்துப்போகல” என்று சொல்லி, சுற்றிலும் கறுப்பு விட்டுப் படத்தைக் கொஞ்சம் சுருக்கினாய். அப்பா, “இப்ப சரி” என்றார். அடுத்த மாதம் மறுபடி வெட்டியது. மறுபடி சுருக்கினாய். அதற்கடுத்த மாதமும் அதே கதை. உன் இணையப் பக்கத்தில் பெட்டியின் படத்தைப் போட்டு ‘கடல் தாண்டி ஒரு பழுது நீக்கம்’ என்று எழுதிக்கொண்டாய். நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டியிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் கறுப்பு எது, படம் எது என்று தெரியவில்லை போலும்.

பிறகு மேல் திரை செத்துவிட்டது என்றார் அப்பா. நீ உன் சிநேகிதன் கிளெய்ட்டனை அனுப்பினாய். வந்தவர் அம்மா கோழிக்கறி வைத்துப் பொரித்த கோஷின்யாக்களைத் தட்டோடு காலி செய்துவிட்டு, கேபிளைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது போலிச் சரக்கு, அத்தை. மேல் திரைக்கு ரெசல்யூஷனே போய்ச் சேரல” என்றார். பிடுங்கிய கேபிளைத் திரும்பச் சொருகியபோது அவர் தலைக்கு மேலேயே அந்தத் திரை மஞ்சள் எண்களோடு பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. அப்பா நாற்காலியில், கிளெய்ட்டன் தரையில், நீ தொலைபேசியில். மூன்று ஆண்களில் ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

காபி கொண்டுவந்த நான், “மேல் திரை எரியுதே” என்றேன். “டாக்டரம்மா சொல்லிட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க” என்றார் கிளெய்ட்டன். தொலைபேசிக்குள் நீ சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். இந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். இரவு வகுப்பில் படித்து வாங்கிய பட்டத்துக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த பரிசு அந்தப் பெயர். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அது உனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் கண் இருக்கிறது.

நேற்று மதியம் நானே பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். பழைய விளையாட்டுகள் சதுரமாக இருக்கும், அகலமான திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு விழுவது இயல்புதான். மேலும் கீழும் கறுப்பு விழக் கூடாது. உன் கைவண்ணத்தில் மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் கறுப்பு. அவ்வளவு பெரிய திரையின் நடுவில் அப்பாவின் கார் ஒரு நோட்டுப் புத்தக அளவில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு திரைக்கும் ஒரே அளவைத் திணித்து வைத்திருந்தாய். பெரியதற்கு அதன் அளவு, சின்னதற்கு அதன் அளவு என்று பிரித்துக் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் முடிந்தது. இதைத்தான் கடல் தாண்டிச் செய்துகொண்டிருந்தாயா?

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, திரையைச் சோதிக்கும் படத்தைப் போட்டேன். நடுவில் ஒரு கூட்டல் குறி, அதைச் சுற்றி மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடும் ஒரு வெள்ளை வட்டம். அப்பாவைக் கூப்பிட்டு அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்து, வட்டம் மேலேயும் கீழேயும் தொடுகிறதா என்று கேட்டேன்.

“எந்த வட்டம்?” என்றார்.

“கூட்டல் குறி ஒண்ணு தெரியுது. அவ்வளவுதான். நீ எதையோ கெடுத்துட்டே. அவன் வெச்சிருந்ததுதான் நல்லா இருந்துச்சு, பழையபடி வை” என்றார். அம்மா அடுக்களை வாசலில் பீன்ஸ் பயறு சலிக்கும் சல்லடையோடு நின்றிருந்தாள். அங்கிருந்தே அவளுக்கு வட்டம் தெரிந்தது. வேன் சக்கரம் அளவுக்கு இருந்த வட்டம்.

அண்ணா, உன் திரை எதையும் வெட்டவில்லை, மேல் திரையும் சாகவில்லை. அப்பாவுக்கு ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அது சுருங்கச் சுருங்க நீ படத்தையும் சுருக்கிக் கொடுத்தாய். அதனால்தான் ஒவ்வொரு முறையும் “இப்ப சரி” என்றார். உன் பழுது நீக்கம் என்பது அவ்வளவுதான்.

ஜூனில் வேனின் வலது கண்ணாடி பள்ளிக் கதவில் மோதிப் பிய்ந்தது. “கதவை யாரோ நகர்த்தி வெச்சிருக்காங்க” என்றார், நாங்களும் சிரித்தோம். கோப்பைக்குப் பக்கத்திலேயே கிடக்கும் சாவியை வீடு முழுக்கத் தேடுகிறார். கண் மருத்துவரிடம் போகலாம் என்றேன். “என் கண்ணுக்கு என்ன கேடு? கம்ப்யூட்டர் கோளாறுன்னு வாண்டெர்லேயே சொல்லிட்டான். நீ அவனைவிடப் பெரிய ஆளா?” என்கிறார். ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் உன் பெருமைதான். அவருடைய கண்ணைப் பற்றிய மருத்துவச் சான்றிதழ் இப்போது நீதான்.

திங்கட்கிழமை காலையில் அந்த வேனில் குழந்தைகள் ஏறுவார்கள். மூலை வீட்டு யாஸ்மின், “மாமா, மாமா” என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாளே, அவள் வலது பக்கக் கதவு வழியாகத்தான் இறங்குவாள். இறங்கியதும் ஓடமாட்டாள், வேனை ஒட்டி நின்று கையாட்டுவாள்.

வேன் சாவியைப் பீன்ஸ் டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன். அம்மா பார்த்தாள், மூடியை இறுக்கி வைத்தாள். மாற்றுச் சாவி அடுத்த தெரு அடெமாரிடம் இருக்கிறது. ஞாயிறு சாயந்திரத்துக்குள் அப்பாவுக்கு அது நினைவு வந்துவிடும்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். கடவுள் உன்னைக் காக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொள் என்றாள். அங்கே இப்போது கோடை என்று சொன்னாலும் நம்பமாட்டாள்.

ஞாயிறு மதியம் வழக்கம்போல அப்பாவைக் கூப்பிடுவாய். படம் வெட்டுகிறது என்பார். பெட்டிக்குள் நுழையப் பார்க்காதே, கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். எனக்கு உன்னிடம் வேண்டியது வேறு. நீ பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத வாக்கியம் என்பதால் நானே எழுதித் தருகிறேன், பார்த்துப் படித்தால் போதும்: “அப்பா, திரை சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஜுசிலேனியோட ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

அவர் உன்னைத் திட்டினாலும் மறுபடி சொல். மெதுவாகச் சொல், அண்ணா.

உன் தங்கை,
ஜுசிலேனி