ஆணியிலிருந்து எடுத்த சாவி

உத்திரமேரூர்
3 ஜூலை 2025

அன்பு மகள் சோபியாவுக்கு,

நைனா எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் பேப்பர்.

மாதா கோயில் பக்கத்தில் நம் லாரி சும்மா நிற்கிறது. கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறைந்து யாரும் லோடு எடுப்பதில்லை என்று ஸ்டாண்டில் முடிவு செய்திருக்கிறோம். அவரவர் சாவியைத் திலகா டீக்கடை ஆணியில் மாட்டிவிட்டோம். வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு சாவி இறங்கினால் ரேட் படிந்துவிட்டது என்று அர்த்தம், எல்லோரும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பஞ்சாட்சரத்துக்கு லாரித் தவணையே நிற்கிறது, அவனும் மாட்டிவிட்டான்.

லோடு பிடித்துக் கொடுக்கும் உன் கம்பெனி ஆப்பில்தான் நாற்பத்திரண்டு என்று காட்டுகிறது. டீசலும் டோலும் போனால் எனக்கு டீ குடிக்க மிஞ்சும். டயரை யார் வாங்கித் தருவது? இந்த ரேட்டை யார் போடுகிறார்கள் என்று விசாரித்து எழுது. வேளைக்குச் சாப்பிடு, இளைத்துப்போய் வந்து நிற்காதே.

உன் நைனா,
ஆல்பர்ட்

பெங்களூரு
9 ஜூலை 2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

ரேட்டை மனிதர் யாரும் போடுவதில்லை நைனா, கம்ப்யூட்டர் போடுகிறது. உத்திரமேரூரிலிருந்து ஹூப்ளிக்குப் போகும் அரிசி லோடை யாராவது ஒருவர் அந்த ரேட்டுக்கு ஒத்துக்கொண்டால் போதும், அந்த ரூட்டுக்கு அதுதான் ரேட் என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஒருவரைப் போனில் சம்மதிக்க வைப்பதுதான் என் வேலை. நம் பக்கம் முழுக்க என் பொறுப்பு. இதை உங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். சொன்னால் வீட்டுக்கு வர முகம் இருக்காது என்று பயம்.

நம் ஸ்டாண்டில் ஒருவரும் அசையவில்லை. உங்கள் தம்பி நம்பரையும் கொடுத்தார்கள். தானியேல் சித்தப்பா “அலோ” என்றதும் வைத்துவிட்டேன். இந்த மாத முடிவில் என்னை நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். நீங்கள் ஒரே ஒரு நடை எடுத்தால் போதும் நைனா. கேட்கக் கூடாதுதான். கேட்கிறேன்.

உங்கள்
சோபியா

ஹூப்ளி
17 ஜூலை 2025

சோபியாவுக்கு,

நடை முடிந்தது. அரிசி இறக்கியாயிற்று.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆப்பில் நாற்பத்திரண்டுக்குச் சரி என்று அழுத்திவிட்டு, நேராக டீக்கடைக்குப் போய் என் சாவியை எடுத்தேன். பஞ்சாட்சரம் பார்த்துவிட்டான். “இன்னா ஆல்பர்ட்டு, ரேட்டு படிஞ்சிடுச்சா?” என்றான். நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். “பாரு, கம்முனு கீறான். படிஞ்சிடுச்சிடா!” என்று அவனே சிரித்துக்கொண்டு தன் சாவியை எடுத்தான். தானியேலும் எடுத்தான். ஆணி காலியானது. இல்லைடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், உன் பெயர் வரும்.

மில்லில் பாதி மூட்டை ஏறிய பிறகுதான் சீட்டில் நாற்பத்திரண்டு என்று இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். ஏற்றியதை இறக்கக் கூலி கொடுக்க எவனிடமும் காசில்லை. தானியேல் என்னிடம் வந்து, “அண்ணே, உனக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். போய்விட்டான்.

வழி முழுக்க எனக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். கோபமாவது வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. பசித்தால் சாப்பிடுகிறேன், சிக்னலில் நிறுத்துகிறேன்.

நைனா

பெங்களூரு
30 ஜூலை 2025

அன்புள்ள நைனாவுக்கு,

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒரே நாளில் ஒரு ஸ்டாண்டே வந்துவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை நைனா, வாயில் க்ரீம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இப்போது முப்பத்தெட்டு காட்டுகிறது. நான் கூப்பிட வேண்டிய பட்டியலில், முன்பு சீக்கிரம் ஒத்துக்கொண்டவர்கள் பெயர் மேலே வரும். முதலில் இருப்பது உங்கள் பெயர். நான் கூப்பிட்டே ஆக வேண்டும். பேசுவதெல்லாம் பதிவாகும், எழுதிக் கொடுத்ததைத்தான் பேச முடியும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

சோபியா

உத்திரமேரூர்
6 ஆகஸ்ட் 2025

சோபியாவுக்கு,

திங்கட்கிழமை கூப்பிட்டாய். “வணக்கம் ஆல்பர்ட் சார், உங்களுக்கு ஒரு நல்ல லோடு இருக்கு” என்றாய். தொண்டை கட்டியிருந்தது போல இருந்தது. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன், பதிவாகும் என்று எழுதியிருந்தாயே என்று விட்டுவிட்டேன். முப்பத்தெட்டு என்றாய். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் நான் விட்டால் அடுத்து தானியேலைக் கூப்பிடுவாய். அவன் மாட்டேன் என்று சொல்லும் நிலைமையில் இல்லை. “எடுத்துக்கறேன் மேடம்” என்றேன். “நன்றி சார்” என்றாய்.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். “யாருய்யா போன்ல, சோபியாவா? குடு, நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்” என்று கை நீட்டினாள்.

“இல்ல. லோடு விஷயம்” என்றேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். லோடு இருந்தால் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ம. ஆல்பர்ட்,
லாரி உரிமையாளர்